வீடும் உறுதியும் தரகும்

கல்முனையிலிருந்து தெற்கே வந்து, காரைதீவுச் சந்தியில் அம்பாறை வீதிக்கு மேற்கு நோக்கித் திரும்பினால் இருமருங்கும் வயல்வெளி விரிகின்றது. சம்மாந்துறையை எட்டுவதற்கு முன் வருகின்ற ஊர் மாவடிப்பள்ளி. மாமரத்தின் அடியையும் பள்ளிவாசலையும் ஒருங்கே நினைவூட்டும் பெயர். இவ்வூரில் ஓர் ஆசிரியர் தாம் குடியிருக்கும் வீட்டை விற்றுவிட எண்ணுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் படிப்புக்காக வேறிடம் செல்லவேண்டிய தேவையாக இருக்கலாம். வங்கிக் கடனின் நெருக்குதலாக இருக்கலாம். தரகரிடம் சொல்லி விற்பதா, தாமே விற்பதா என்பது அவருடைய கேள்வி. நூற்றுக்கு இத்தனை என்று போகின்ற தரகுப் பணம் கையில் மிஞ்சுமே என்பது அவருடைய கணக்கு.

கேள்வி நியாயமானது. ஆயினும் அதை ஆராயப் புகுமுன் ஒரு திருத்தம் செய்தாக வேண்டும். அந்த வீடு பெரும்பாலும் அவருடையதன்று, அவருடைய மனைவியுடையது.

கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதிவைத்திருக்கிறார். அவர்களுக்கு முன்னரும் இங்கு முஸ்லிம்கள் வாழ்ந்தனர். வந்தவர்களும் இருந்தவர்களும் அயலில் வாழ்ந்த தமிழ் மக்களோடு வயலையும் வாய்க்காலையும் மட்டுமன்றி உறவு முறையையும் பகிர்ந்துகொண்டனர். தாய்வழியாக வரும் ‘குடி’ இரு சமூகத்தாருக்கும் பொதுவாயிற்று. மட்டக்களப்பின் முக்குவர் சட்டம் தாய்வழியே முதுசத்தைக் கடத்திற்று. அச்சட்டம் பற்றிக் கிறிஸ்ரோபர் பிறிற்றோ 1876இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் நிறைவேறிய விவாகவுரிமை, முதுசவுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் அது நீதிமன்றத்தில் செல்வாக்கிழந்தது. ஏட்டிலே மறைந்த சட்டம் வீட்டிலே மறையவில்லை. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மருமகன் அங்கு வந்து குடியேறுவதும் நின்றுவிடவில்லை. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த ஏற்பாட்டில் வீடு எப்படிக் கைமாறுகின்றது? மூத்த மகளுக்குத் தாய் வாழ்ந்த வீடே சீதனமாகின்றது. பெற்றோர் அதே வளவில் ஒரு சிறு வீட்டுக்கோ, அடுத்த மகளுக்காகக் கட்டப்படும் வீட்டுக்கோ ஒதுங்குகின்றனர். அண்ணன் தம்பியர் தமது உழைப்பைச் சகோதரியரின் சுவர்களில் சேர்த்துவிட்டு, வேறொருத்தியின் வாப்பா கட்டிய வீட்டுக்கு மணமகனாய்ப் போகின்றனர். ஆக, ஒவ்வொரு வீட்டின் அத்திவாரத்திலும் ஒரு தலைமுறையின் வியர்வை கிடக்கின்றது. அந்த வியர்வை சிந்தியவர்களுள் பலருக்கு உறுதியிலே பெயரில்லை. வீடு கைமாறிற்று, ஆனால் விலைப்படவில்லை. விலைப்படாத இடத்தில் தரகருக்கு வேலை இல்லை. எந்த வளவு யாருடையது, எந்த வேலி எப்போது நகர்ந்தது, எந்தக் கிணற்றுக்கு யாருக்குப் பாத்தியதை என்பதெல்லாம் ஊர் முழுவதும் அறிந்த செய்திகள். கேட்டறியப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இதனைப் பொற்காலமாக வருணிப்பது நமது நோக்கமன்று. ஊரறிந்த செய்தி ஊர்ப் பெரியவர்களின் கையில் அதிகாரமாகவும் இருந்தது. போடியார்களின் களஞ்சியத்தில் நெல் கடன்பட்ட குடியானவனின் நிலம் எவ்வாறு கரைந்தது என்பதை மட்டக்களப்பு வரலாறு அறிந்தோர் மறக்கமாட்டார்கள். எனினும் ஒன்று உண்மை: நிலத்தைப் பற்றிய அறிவு அப்போது ஒரு சரக்காகவில்லை.

விற்பனை நடந்த இடங்களிலும் அவ்வறிவைப் பொதுவில் வைப்பதற்குப் பழைய சமுதாயங்கள் வழி கண்டிருந்தன. வடக்கே யாழ்ப்பாணத்தில், ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையின்படி, காணியை விற்பவன் உரித்தாளருக்கும் பங்காளிகளுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் அவ்வறிவிப்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து தேவாலயத்தில் வாசிக்கப்பட்டது. இஸ்லாமியச் சட்டத்தில் ‘ஷுஃப்ஆ’ என்னும் முன்வாங்கும் உரிமை உண்டு. இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ வழியில் அது கூட்டுரிமையாளருக்கு உரியது. தரகைப் பற்றியே ஒரு குறிப்பும் அங்கு காணப்படுகின்றது. கிராமத்திலிருந்து சரக்குக் கொண்டுவருபவனுக்காக நகரவாசி விற்பனை செய்யலாகாது என்னும் நபிமொழிக்கு, அவனுக்குத் தரகனாக இருக்கலாகாது என்பதே பொருள் என்று இப்னு அப்பாஸ் விளக்கம் தந்ததாகப் புகாரியின் தொகுப்பு கூறும். தரகு முற்றாக விலக்கப்படவில்லை. அறிஞர்கள் அதனை அனுமதித்தே வந்திருக்கின்றனர். ஆனால் விலையறியாதவனுக்கும் சந்தைக்கும் இடையே ஒருவன் வந்து நிற்கும்போது என்ன நேரும் என்ற ஐயம் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது.

மாற்றத்தின் தொடக்கத்துக்கு ஆண்டு குறிக்கலாம்: 1840. அவ்வாண்டில் ஆங்கில ஆட்சியினர் இரண்டு கட்டளைச் சட்டங்களைப் பிறப்பித்தனர். 7ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகள் ஒருங்கே இருக்க, எழுத்தில் கையொப்பமிடாத எந்தக் காணி விற்பனையும் செல்லாது என்றது. 12ஆம் இலக்கச் சட்டம், பாத்தியதையை நிறுவ முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொண்டது. முதலாவது, மோசடியைத் தடுக்கும் சட்டம் என்ற பெயரோடு வந்தது. அது தடுத்த மோசடி உண்மையானதுதான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் காலத்தின் முகம் தெரிகின்றது. காகிதம் உள்ளவனுக்கே காணி. காகிதத்தை எழுதுவதற்கு உரிமம் பெற்றவன் ஒருவன். காகிதம் இல்லாத நிலம் தோட்ட முதலாளிக்கு விற்கப்படத் தயாரான நிலம்.

அன்றிலிருந்து ஊரின் நினைவுக்குப் பதிலாக உறுதி வந்தது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பதிவுச் சட்டம் இன்னொரு படி சென்றது. ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் தோன்றுமாயின், பெறுமதி கொடுத்து வாங்கி, முதலிற் பதிந்தவரின் உறுதி மேலோங்கும். வேலியும் கிணறும் அறிந்த முதியவரின் சொல்லைக் காட்டிலும் காணிப் பதிவகத்தின் ஏட்டுப் பக்கம் வலிமை பெற்றது. அந்த ஏட்டுக்கும் குடியானவனுக்கும் இடையே தூரமும் மொழியும் அச்சமும் நின்றன. அந்த இடைவெளியிலே நடந்து பழகியவரே தரகர். அவரை வில்லனாக்கிக் கதை சொல்வது எளிது. நான் அதற்கு உடன்பட மாட்டேன். நொத்தாரிசின் அலுவலகத்துக்கும், அளவையாளரின் வீட்டுக்கும், வாங்குபவரின் திண்ணைக்கும் வெயிலில் நடந்தவர் அவர். அவருக்கும் பெரும்பாலும் சொந்தக் காணி கிடையாது.

இருபதாம் நூற்றாண்டு காணியின் நடமாட்டத்தை விரைவாக்கிற்று. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1958இல் பிலிப் குணவர்த்தனாவின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு ஓரளவு பாதுகாப்பளிக்க முயன்றது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அரபு நாடுகளின் சம்பளம் கூலிக்காரரின் வீட்டுக்கும் சீமெந்துச் சுவர் கொண்டுவந்தது. போர்க்காலம் மக்களை ஊரைவிட்டு ஊருக்கு விரட்டிற்று. பின்னர் 2004 டிசம்பர் 26. காரைதீவு, சாய்ந்தமருது, மருதமுனை என்று கரையோரம் முழுவதும் கடல் ஏறிற்று. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு அறிவித்தது. அவ்விதி அடுத்த ஆண்டிலேயே தளர்த்தப்பட்டது. ஆயினும் உள்ளே சற்று மேட்டில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற வேட்கை தளரவில்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல், இடையே நெருக்கியடித்த ஊர்கள். பேர்ச்சுக் கணக்கில் காணி விலைபேசப்படும் காலம் மாவடிப்பள்ளிக்கும் வந்தது.

இனி நமது ஆசிரியரிடம் திரும்புவோம். தரகர் அவருக்கு எதை விற்கின்றார்? வாங்குபவரின் பெயரை, சந்தை விலை பற்றிய அறிவை, பேரம் பேசும் கூச்சமின்மையை. இவற்றுள் நடுவிலுள்ளதே விலைமிக்கது, ஐயத்துக்குரியதும் அதுவே. அமெரிக்காவின் சிக்காகோவைச் சூழ்ந்த பகுதிகளில் நடந்த ஏறத்தாழ ஓர் இலட்சம் வீட்டு விற்பனைகளை லெவிற், சைவர்சன் என்னும் இரு பொருளியலாளர் ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டனர். தரகர்கள் தமது சொந்த வீடுகளை விற்றபோது ஏனையோரின் வீடுகளைவிட ஏறத்தாழ ஒன்பதரை நாட்கள் கூடுதலாகக் காத்திருந்து, நூற்றுக்கு 3.7 வீதம் கூடுதல் விலை பெற்றனர். காரணம் கூட்டல் கழித்தலில் இருக்கின்றது. எடுத்துக்காட்டாக, தரகு நூற்றுக்கு இரண்டு என்போம். இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் வீட்டுக்காரருக்கு ஓர் இலட்சம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். தரகருக்கோ இரண்டாயிரம். அந்த இரண்டாயிரத்துக்காக அவர் ஏன் ஒரு மாதம் நடக்க வேண்டும்? “இந்த விலைக்கு மேல் வராது, கொடுத்துவிடுங்கள்” என்ற அறிவுரையை இந்தக் கணக்கோடு சேர்த்தே கேட்க வேண்டும். அதே நாட்டின் மடிசன் நகரத்து விற்பனைகளைப் பற்றி 2009இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, தாமே விற்றவர்கள் தரகர்வழி விற்றவர்களைவிடக் குறைந்த விலை பெறவில்லை என்று கண்டது. ஆனால் அவர்களுக்குக் காலம் கூடுதலாயிற்று, சிலர் முயன்று தளர்ந்து ஈற்றில் தரகரிடமே சென்றனர்.

மடிசன் நகரம் மாவடிப்பள்ளியன்று. ஆனால் காத்திருக்க வசதியுள்ளவனுக்குத் தரகர் தேவையில்லை, நெருக்கடியிலிருப்பவனோ அவரைத் தேடிப் போகின்றான் என்ற உண்மை இரண்டிடத்துக்கும் பொது. சந்தையில் பொறுமையும் ஒரு மூலதனம். ஏழையிடம் இல்லாத மூலதனங்களுள் அதுவும் ஒன்று.

அவ்வாறாயின், காத்திருக்க இயன்ற ஆசிரியர் தாமே விற்கட்டும் என்பேன். ஆனால் தரகரை நீக்குவது வேறு, தரகர் வைத்திருந்த அறிவைத் தேடிக்கொள்வது வேறு. முதலாவதை மட்டும் செய்பவர் ஏமாறுவார். கல்முனைக் காணிப் பதிவகத்தில் தமது காணியின் ஏட்டுப் பக்கத்தை எடுத்து, முன்னைய உறுதிகள் அறுபடாமல் வருகின்றனவா, பழைய ஈடு ஏதும் தீர்க்கப்படாமல் நிற்கின்றதா என்று விற்பவரே முதலிற் பார்த்துவிட வேண்டும். வாங்குபவரின் நொத்தாரிசு எப்படியும் பார்க்கத்தான் போகின்றார். குறையை அவர் வாயால் கேட்கும்போது விலை சரிந்துவிடும். காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால் கதை வேறு. அதைத் தனியார் உறுதிபோல் விற்க முடியாது. பிரதேச செயலகத்தின் அனுமதி இன்றி எழுதப்படும் எதுவும் வெறும் தாள். வயலை மண்போட்டு நிரப்பிக் கட்டிய வீடாயின், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி எழுத்துமூல அனுமதி பெறப்பட்டதா என்ற கேள்வி வரும். மாவடிப்பள்ளி போன்று வயல் சூழ்ந்த ஊரில் அது கட்டாயம் வரும்.

வெள்ளத்தைப் பற்றியும் மறைக்கக் கூடாது. 2024 நவம்பர் இறுதியில் இந்த வீதியைக் கடந்த வெள்ளம் உழவு இயந்திரத்தில் வந்த அரபுக் கல்லூரி மாணவர்களின் உயிரைக் கொண்டுபோனதை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. வீட்டுச் சுவரில் நீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதைச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டு விற்பவர், தரகுப் பணத்தை மிச்சம் பிடித்தாலும் தரகரின் மோசமான பழக்கத்தைத் தாமே கற்றுக்கொண்டவராவார்.

முற்பணத்தில் பலர் இடறுகின்றனர். ஒரு துண்டுக் காகிதத்தில் முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்டு அச்சாரம் வாங்குவது ஊர் வழக்கம். 1840ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனையை மட்டுமன்றி விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையையும் நொத்தாரிசின் முன் எழுதச் சொல்கின்றது. துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு வாங்குபவரை வாங்கும்படியோ, விற்பவரை விற்கும்படியோ நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. இன்னொரு வழக்கம், உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவது. அறுதி உறுதிக்கான முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்றும், மிகுதிக்கு நூற்றுக்கு நான்குமாகக் கணக்கிடப்படுவது. வழக்கமாக வாங்குபவரே அதனைச் செலுத்துகின்றார். குறைத்து எழுதுவதன் ஆதாயம் அவருக்கு, ஆபத்தோ விற்பவருக்கு. பேசிய பணத்தில் பாதி வராமல் போனால், உறுதியில் உள்ள தொகையே எதிரே வந்து நிற்கும். நமது நாட்டில் நிலவும் உரோம-ஒல்லாந்துச் சட்டத்தில் ஒரு பழைய பாதுகாப்பு இருக்கின்றது. உண்மை விலையின் பாதிக்கும் குறைவாக விற்றுவிட்டவர் நீதிமன்றம் சென்று விற்பனையை நீக்கக் கோரலாம். வாங்கியவர் குறைவை நிரப்பித் தமது உறுதியைக் காத்துக்கொள்ளலாம். உரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்தைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் இவ்விதியைத் தென்னாபிரிக்கா 1952இல் நீக்கிவிட்டது. இலங்கையில் அது வாழ்கின்றது. பொய் விலை எழுதிய உறுதியோடு அந்த நிவாரணத்தைத் தேடிச் செல்பவரின் நிலைமையை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவும் ஆசிரியரைப் பற்றிய பேச்சு. தொடக்கத்தில் செய்த திருத்தத்தை இங்கே மீண்டும் எடுக்க வேண்டியிருக்கின்றது. வீடு மனைவியுடையது. இஸ்லாமியச் சட்டத்தில் மனைவியின் சொத்து மனைவியினுடையதே. திருமணத்தால் அது கணவனோடு கலந்துவிடுவதில்லை. ஆயினும் தரகர் வந்தால் யாரோடு பேசுவார்? முன்கூடத்தில் அமர்ந்து ஆசிரியரோடு பேசுவார். தேநீர் உள்ளிருந்து வரும். விலை உள்ளே போகாது. தரகரை விலக்கிவிட்டால் இது மாறுமா? மாறாது. வாங்குபவருக்கும் உண்மையான உரிமையாளருக்கும் இடையே, விலையறிந்தவனாகவும் பேரம் பேசுபவனாகவும் கணவன் நிற்கின்றான். வெளித் தரகர் போன இடத்தில் உள்தரகர் அமர்ந்துவிடுகின்றார். இவருக்கு நூற்றுக்கு இரண்டன்று, சில வேளைகளில் முழுவதுமே தரகாகிவிடுகின்றது. அந்தப் பணத்தில் வாங்கும் புதிய வீட்டின் உறுதி யாருடைய பெயரில் எழுதப்படுகின்றது என்பதைக் கொண்டு இதனை அறியலாம்.

அரசும் இதே தவற்றைச் செய்தது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளைக் ‘குடும்பத் தலைவர்’ பெயரில் வழங்கும் முறை கைக்கொள்ளப்பட்டபோது, தாய்வழி வந்த சீதன வீட்டை இழந்த பெண்கள் பலர், கணவன் பெயரில் எழுதப்பட்ட புது வீட்டில் குடியிருப்பாளராயினர். கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதற்கு எதிராகக் குரல் எழுப்பின. கூட்டுரிமையாவது வேண்டும் என்று கேட்டன. கடல் கொண்டுபோனது சுவரை. உரிமையைக் கொண்டுபோனது ஒரு படிவத்தின் ஒரே ஒரு கட்டம்.

வெளிநாட்டில் வேலை செய்யும் பெண்களின் நிலை இன்னும் நுட்பமானது. 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அற்றோர்னித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகின்றாள். குவைத்தின் ஒரு சமையலறையில் அவள் நிற்கையில் இங்கே அவளுடைய பெயரில் கையொப்பம் விழுகின்றது. சட்டப்படி குற்றமில்லை.

ஆகவே ஆசிரியரின் கேள்வியைச் சற்றுப் பெரிதாக்கிக் கேட்க வேண்டியிருக்கின்றது. தரகு மிஞ்சுமா என்பதோடு, ஏட்டுப் பக்கத்தைப் பார்க்கக் கல்முனைக்குப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்வாரா? வாங்க வருபவரிடம், “வீட்டுக்காரி அவர்தான், அவரிடம் பேசுங்கள்” என்று சொல்வாரா? அடுத்த வளவில் இருக்கும் அவளுடைய உம்மாவிடமும், அந்தச் சுவருக்குச் சல்லி அனுப்பிய தம்பியிடமும் முதலில் ஒரு வார்த்தை கேட்பாரா? ஷுஃப்ஆவின்படி அவர்களுக்குச் சட்ட உரிமை இல்லாமலிருக்கலாம். வாங்க முடிந்தவர் அவர்களுள் ஒருவராகவும் இருக்கலாம். அறிவிப்புப் பலகையோ பத்திரிகை விளம்பரமோ அதன் பிறகு போதும்.

ஈற்றில் எல்லோரும் நொத்தாரிசின் அலுவலகத்தில் கூடுவார்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். தரகர் மூலம் நடந்த விற்பனையாயின் அவரே ஒரு சாட்சியாகக் கையொப்பமிட்டுவிடுவதும் உண்டு. உறுதியின் அடியில், இதனை நான் வாசித்து விளங்கப்படுத்தினேன் என்று நொத்தாரிசு எழுதிக் கையொப்பமிடுவார். பல இடங்களில் அந்த வாசகம் முன்கூட்டியே தட்டச்சாகியிருக்கும். பேனா நேராகப் பெண்ணின் கைக்கு வரும். வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு. விலை என்று எழுதப்பட்ட இடத்தில் நிறுத்தி, மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொல்லவும் உரிமை உண்டு.